2008-இல் கட்டிய கெமிக்கல் டேங்கர், 2021-இன் ஐபிசி விதி: டிரை டாக்கில் எதை மாற்றுவது, எதை விடுவது?

நடுக்கடல்_மேட்

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு கெமிக்கல் டேங்கரில் சீஃப் ஆபீசர், அதாவது சரக்குக்குப் பொறுப்பான மேட். 2008-இல் கட்டிய கப்பல், 20,000 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு, எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க், டேங்குக்கு ஒரு டீப்வெல் பம்ப். அடுத்த மாதம் டிரை டாக் (கப்பலை நீரிலிருந்து எடுத்துப் பழுது பார்ப்பது). கரை ஆபீசிலிருந்து கப்பலைக் கவனிக்கும் சூப்பரின்டென்டென்ட், அங்கே செய்யப்போகும் மாற்றங்களின் பட்டியல் அனுப்பி என் கருத்தைக் கேட்டிருக்கிறார். மேட்டிடம் கருத்து கேட்பதே அபூர்வம், கிடைத்த வாய்ப்பை வீணாக்க வேண்டாம் என்று இங்கே வந்தேன்.

பின்னணி இதுதான். 2021 ஜனவரி 1 முதல் ஐபிசி கோடின் (கெமிக்கல் டேங்கர்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பு) 17, 18, 19, 21 அத்தியாயங்கள் மாறின, உலகத்தில் ஓடும் எல்லா கெமிக்கல் டேங்கரும் அன்றைக்குள், எந்தச் சரக்கு ஏற்றலாம் என்று சொல்லும் புது ஃபிட்னஸ் சான்று வாங்க வேண்டியிருந்தது. அதுவரை 'எரியும்' என்று மட்டும் இருந்த பல சரக்குகள் அந்த நாளிலிருந்து 'மூச்சில் போனால் நஞ்சு' என்றும் ஆகிவிட்டன. ஆவியை அளக்கும் கருவி, வென்ட்டின் (டேங்கின் ஆவி வெளியேறும் குழாய்) உயரம், டேங்க் எதற்குப் பக்கத்தில் இருக்கலாம் எல்லாமே அதோடு மாறின. அப்போது கோவிட் நேரம், ஆள் மாற்றவே முடியவில்லை, யார் போய் இரும்பை வெட்டி ஒட்டுவது? எங்கள் கம்பெனி சுலபமான வழியைப் பிடித்தது: கப்பலைத் தொடவில்லை, சான்றில் இருந்த சரக்குப் பட்டியலைச் சுருக்கிவிட்டது. இப்போது சார்ட்டரர் (கப்பலை வாடகைக்கு எடுப்பவர்) அந்தச் சரக்குகளைக் கேட்கிறார், ஆபீஸ் மறுபடி சேர்க்கப் பார்க்கிறது.

அவர்கள் அனுப்பியதில் கூடுதல் ஆவிக் கருவிகள், எல்லோருக்கும் எஸ்கேப் செட் (தப்பிக்கும்போது மூச்சுவிட உதவும் கருவி), ஒரு நைட்ரஜன் ஜெனரேட்டர் இருக்கின்றன. அப்புறம் ஸ்டோவேஜ் (எந்தச் சரக்கு எந்த டேங்கில் என்ற திட்டம்) பற்றி ஒரு வரி: "கடைசி இரண்டு டேங்குகள் நஞ்சுச் சரக்குக்குப் பயன்படாது, ஸ்டோவேஜில் பார்த்துக்கொள்ளவும்". இந்த ஒரு வரிதான் எனக்கு உறுத்துகிறது. மற்றதெல்லாம் காசு கொடுத்தால் வந்துவிடும். 'ஸ்டோவேஜில் பார்த்துக்கொள்ளவும்' என்றால் ராத்திரி மூன்று மணிக்கு நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம்.

கேடட்_இரண்டாம்_வருஷம்

சார், தெரியாமல்தான் கேட்கிறேன், கடைசி இரண்டு டேங்குகள் ஏன் ஆகாது? அதுவும் அதே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே?

சர்வேயர்_கரையில்

தம்பி, ஸ்டீலில் ஒரு குறையும் இல்லை. இடம்தான் பிரச்சினை. சரக்கு டேங்குக்கும் இன்ஜின் ரூமுக்கும் நடுவே ஒரு இடைவெளி வேண்டும், அது காலி இடமாகவோ பம்ப் ரூமாகவோ கப்பலின் எரிஎண்ணெய் டேங்காகவோ இருக்கலாம் என்று கோட் அனுமதிக்கிறது. யார்டு என்ன செய்யும்? காலி இடத்தை விட்டால் காசு நஷ்டம், அதனால் எண்ணெய் டேங்கையே அங்கே வைத்துவிடும். 2008-இல் அது முழுக்கச் சரி. ஆனால் கோடில் நஞ்சுச் சரக்குகளுக்கான 15.12 பிரிவு முழுதாகப் பொருந்தும் நஞ்சுச் சரக்கை எரிஎண்ணெய் டேங்குக்கு ஒட்டி வைக்கக் கூடாது. அந்த விதி அப்போதும் இருந்தது. அது பொருந்தும் சரக்குகள் குறைவு, அதனால் யாரும் கவலைப்படவில்லை. 2021-இல் அந்தப் பட்டியல் நீண்டது, இந்த இரண்டு டேங்கும் மாட்டிக்கொண்டன. கப்பல் மாறவே இல்லை, சரக்கின் ஜாதகம்தான் மாறியது.

மேட், உங்கள் வென்ட் என்ன வகை? ஹை வெலாசிட்டி வால்வு இருந்தால் டெக்கிலிருந்து 3 மீட்டர் போதும், ஆவி மேல்நோக்கி நொடிக்கு 30 மீட்டர் வேகத்திலாவது போக வேண்டும். அது இல்லையென்றால் 6 மீட்டர், அல்லது கப்பல் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு, எது பெரியதோ அது. குடியிருப்பின் காற்று நுழையும் வாயில்களிலிருந்து 15 மீட்டர் தள்ளியும் இருக்க வேண்டும். பழைய கப்பல்களில் கடைசி டேங்கின் வென்ட் இந்தப் 15 மீட்டரில்தான் அடிவாங்கும், டேப் பிடித்து அளந்து பாருங்கள், வரைபடத்தை நம்பாதீர்கள்.

நடுக்கடல்_மேட்

வென்ட் ஹை வெலாசிட்டிதான். நேற்று போசனை (டெக் ஆட்களின் தலைவர்) அழைத்துக்கொண்டு போய் அளந்தேன், 15 மீட்டர் வருகிறது, தாராளமாக இல்லை, ஆனால் வருகிறது. எண்ணெய் டேங்க்தான் சிக்கல்.

இன்ஜின்ரூம்_ஆள்

அந்த எண்ணெய் டேங்கைக் காலி செய்து வாய்ட் (காலி இடம்) ஆக்கலாமே என்று உங்கள் ஆபீசில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். சொல்வதற்கு முன் இன்ஜின் ரூம் பக்கம் வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். 2020-லிருந்து கந்தகம் 0.50 சதவீதத்துக்குள் இருக்கும் எண்ணெய், எமிஷன் கன்ட்ரோல் பகுதிக்குள் (புகை விதி கடுமையான கடல்) போனால் 0.10. இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டும். ஒரு துறைமுகத்தில் வாங்கிய எண்ணெயை இன்னொரு துறைமுகத்தில் வாங்கியதோடு கலந்தால் கசடு இறங்கி ஃபில்டர் அடைக்கிறது, அதனால் கலக்காமல் இருக்கத்தான் நாங்கள் ஒவ்வொரு டேங்காகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறோம். இதில் ஒன்றைப் பிடுங்கினால் நாங்கள் எங்கே வைப்பது, சீஃப் இன்ஜினியர் கேபினிலா?

நைட்ரஜன் ஜெனரேட்டர் மட்டும் நல்ல யோசனை. போட்டுவிட்டால் எல்லா டேங்குக்கும் நைட்ரஜன் மூடிவிடலாம், தீ பற்றிய கவலையே இல்லை. 2016-க்குப் பிறகு கட்டிய 8,000 டன்னுக்கு மேற்பட்ட எல்லா டேங்கருக்கும் இனர்ட் கேஸ் (தீப்பற்றாமல் இருக்க டேங்கில் நிரப்பும் வாயு) கட்டாயம்தானே.

சர்வேயர்_கரையில்

எண்ணெய் டேங்க் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். நைட்ரஜனில் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில், அந்த 2016 விதி 2016 ஜனவரி 1 முதல் கட்டிய கப்பல்களுக்கு. மேட்டின் கப்பலுக்குச் சட்டப்படி கட்டாயம் இல்லை. சார்ட்டரர் கேட்கிறார் என்பதற்காகப் போடுகிறார்கள், அது வேறு கதை. இரண்டாவது, 'எல்லா டேங்குக்கும்' என்பது ஆபத்தான பேச்சு. ஸ்டைரீன் (பிளாஸ்டிக் செய்ய உதவும் திரவம்) ஏற்றினால் அது தானாகப் பாலிமராகிக் கட்டியாகாமல் இருக்க டிபிசி என்ற மருந்தை (இன்ஹிபிட்டர் என்பது இதுதான்) போட்டுத் தருகிறார்கள், வழக்கமாக 10 முதல் 15 பிபிஎம். அந்த டிபிசி வேலை செய்ய சரக்கில் கரைந்த ஆக்சிஜன் வேண்டும். மேலே நைட்ரஜனைப் போட்டு மூடினால் காவலுக்கு வைத்த ஆளை நாமே மூச்சுத்திணற வைத்த மாதிரி. அதனால்தான் இப்படிப்பட்ட சரக்கு வரும்போது, இனர்ட் கட்டாயமான கப்பலிலும், லோடிங்குக்கு முன்போ பயணத்திலோ கேஸ் போடாதே, இறக்கத் தொடங்கும் முன் போடு என்று விதி சொல்கிறது. கூட வரும் சான்றிதழில் மருந்தின் பெயர், அளவு, அது ஆக்சிஜனை நம்பியதா, எந்தத் தேதியில் போட்டது, எத்தனை நாள் தாங்கும், எந்த வெப்பநிலைக்குள் இருக்க வேண்டும் எல்லாம் இருக்கும். இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றக் கூடாது.

இன்ஜின்ரூம்_ஆள்

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஸ்டைரீனை நான் யோசிக்கவில்லை. இனி டெக் வேலையில் மூக்கை நுழைப்பதில்லை (இரண்டு நாளைக்கு).

பழைய_பம்ப்மேன்

நான் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது, தூத்துக்குடிப் பக்கம். ஆபீசில் இருப்பவர்கள் ஆவிக் கருவி வாங்குவதை ஒரு வரியில் எழுதிவிடுவார்கள். அதை யார் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று சொல்கிறேன்.

எரியும் ஆவிக்கு ஒரு மீட்டர் போதும். நஞ்சுக்கு அப்படி இல்லை, ஒவ்வொரு சரக்குக்கும் தனிக் கண்ணாடிக் குழாய். குழாயின் இரண்டு முனையையும் உடைக்க வேண்டும், கெமிக்கல் கையுறை போட்ட கையால். பம்பில் அம்புக்குறி பார்த்துச் சொருக வேண்டும், தலைகீழாகச் சொருகினவர்களை நான் பார்த்திருக்கிறேன். பத்து அழுத்தல் என்று போட்டிருந்தால் பத்து, ஒவ்வொன்றும் முழுக்க விரியும் வரை நிற்க வேண்டும். முகத்தில் மாஸ்க், கண்ணாடியில் வியர்வைப் படலம், சோடியம் விளக்கு மஞ்சளில் அந்தக் குழாயின் நிறம் மாறியதா இல்லையா என்று பார்க்க வேண்டும். மஞ்சள் விளக்கில் மஞ்சள் நிறமாற்றம் தெரியுமா? தெரியாது. நாங்கள் வெள்ளை டார்ச் கொண்டுபோவோம், எக்ஸ்ப்ளோஷன் ப்ரூஃப் டார்ச். அந்தக் குழாய்களுக்குக் காலாவதி தேதி வேறு. பெட்டி பெட்டியாக ஸ்டோரில் இருக்கும், கேட்ட சரக்குக்கு உரியது மட்டும் போன மாதத்தோடு முடிந்திருக்கும்.

நான் ஒரு கப்பலில் இருந்தபோது (பெயர் வேண்டாம்) சரக்குப் பம்பின் கோஃபர்டேமை (சீல்களுக்கு நடுவே உள்ள காலி இடம்) பர்ஜ் செய்யும்போது, அதாவது ஊதிக் காலி செய்யும்போது, கசிவு சேரும் ட்ராப்பில் வழக்கமாக வரும் சில சொட்டுக்குப் பதிலாக அரை டம்ளர் வந்தது. சரக்குப் பக்க சீல் போய்விட்டது. அதைத் திறந்த பையன் கண்ணாடி மட்டும் போட்டிருந்தான், மாஸ்க் இல்லை, ஏனென்றால் பழைய பட்டியலில் அது 'நஞ்சு' சரக்கு இல்லை. இரண்டு நாள் தலைவலி என்று படுத்திருந்தான், நல்லவேளை அத்தோடு போயிற்று. புது விதி வந்தபோது அந்தச் சரக்கின் பெயரை நஞ்சுப் பக்கத்தில் பார்த்தேன். அதனால் இந்த விதி ஆபீஸ்காரர்களின் பேப்பர் வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

நடுக்கடல்_மேட்

அண்ணே, அந்த வெள்ளை டார்ச் விஷயத்தை அப்படியே எடுத்து என் பட்டியலில் சேர்க்கிறேன். குழாய் கிடைக்காத சரக்குகளும் இருக்கின்றன. அவற்றுக்குக் கொடி நாடு (கப்பல் பதிவான நாடு) விலக்கு கொடுக்கலாம், ஆனால் அதைச் சான்றில் எழுதிக் கூடுதல் மூச்சுக் காற்று கப்பலில் இருக்க வேண்டும். எங்கள் சான்றில் அப்படி ஒரு வரி இருப்பதை நேற்றுதான் கவனித்தேன். வெட்கமாக இருக்கிறது.

காண்ட்லா_ஷிஃப்ட்

கரைப் பக்கத்திலிருந்து ஒன்று. நான் காண்ட்லாவில் ஒரு டெர்மினலில் ஷிஃப்ட் வேலை. எங்களிடம் வரும் கப்பல்களில் பாதிப் பேர் வேப்பர் ரிட்டர்ன் லைன் (ஆவியைக் கரைக்குத் திருப்பும் குழாய்) இருக்கிறது என்பார்கள், ஆனால் ஃபிளேஞ்ச் துருப்பிடித்து ஐந்து வருஷமாகத் திறக்காதது போலிருக்கும். டிரை டாக் போகிறீர்கள் என்றால் அதைத் திறந்து பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள். புதுசாக ஒன்றும் வாங்க வேண்டாம், இருப்பதை வேலை செய்ய வையுங்கள்.

பாமாயில் கொண்டுவரும் கப்பல்களிலும் இதே கதை. 2007-க்கு முன் சாதாரண டேங்கரிலும் தாவர எண்ணெய் போனது. அந்த வருஷம் மார்போல் (கடல் மாசு தடுப்பு ஒப்பந்தம்) இரண்டாம் இணைப்பு மாறி அது ஒய் என்ற மாசுப் பிரிவுக்கு வந்தது, கெமிக்கல் டேங்கர் சான்று வேண்டுமென்றார்கள். அன்றைக்கு எல்லோரும் 'சமையல் எண்ணெய்க்கு இவ்வளவா' என்று சிரித்தார்கள். 2021-இல் இன்னும் ஒரு படி: கட்டியாகி மிதக்கும் வகை எண்ணெய், மெழுகு இறக்கிய டேங்கை வடமேற்கு ஐரோப்பாவிலும் பால்டிக்கிலும் அங்கேயே ப்ரீவாஷ் செய்து கழுவிய நீரைக் கரையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். கடற்கரையில் வெள்ளைக் கட்டியாகப் பாமாயில் ஒதுங்கி நாய்கள் தின்று செத்தால் யார் சும்மா இருப்பார்கள்? நம் பக்கத்துக் கடலுக்கு இந்த விதி இல்லை. ஏன் இல்லை என்று எனக்கும் கேட்கத் தோன்றும்.

கேடட்_இரண்டாம்_வருஷம்

நைட்ரஜன், இனர்ட் எல்லாம் எதற்கு என்று வகுப்பில் போ மரைனர் கப்பலைத்தான் உதாரணமாகச் சொன்னார்கள். ஆனால் அங்கே கப்பல் பழையது என்பது பிரச்சினை இல்லையே?

சர்வேயர்_கரையில்

சரியாகப் பிடித்தாய். போ மரைனர் 2004 பிப்ரவரி 28 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்கு வெளியே வெடித்தது. எத்தனால் ஏற்றியிருந்தார்கள், முன்பு எம்டிபிஇ (பெட்ரோலில் கலக்கும் ரசாயனம்) இருந்த டேங்குகள் காலி. அந்த 22 காலி டேங்குகளையும் திறக்கச் சொல்லி உத்தரவு. எம்டிபிஇ ஆவி காற்றைவிடக் கனம், டெக்கில் தவழ்ந்து பரவியது. 27 பேரில் 6 பேர்தான் பிழைத்தார்கள். அங்கே கருவி இல்லாமல் போகவில்லை. டேங்கை இனர்ட் செய்யாமல், ஆவியைக் குறைக்காமல் மூடியைத் திறந்ததுதான். இன்றைக்கு இனர்ட் செய்யும் கப்பலில், காற்றை விடும் முன் டேங்கின் எரிஆவியை 2 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும்.

மேட், உங்கள் கதைக்கு நெருக்கமானது அது இல்லை. ஸ்டோல்ட் குரோன்லாந்து என்ற கெமிக்கல் டேங்கர் வெடித்ததுதான் நெருக்கம். 2019 செப்டம்பர் 28, தென் கொரியாவின் உல்சான். அதைப் படித்துவிட்டு உங்கள் கடைசி இரண்டு டேங்கைப் பாருங்கள்.

நடுக்கடல்_மேட்

படித்தேன். பிரிட்டனின் விபத்துப் புலனாய்வுக் கிளை அறிக்கை. படித்து முடித்தபோது நான் கேட்க வந்த கேள்வியே வேறு என்று புரிந்தது, அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கப்பலில் ஸ்டைரீன் டேங்க் சூடான சரக்குக்கு ஒட்டி இல்லை. இதைத்தான் நான் கவனிக்காமல் இருந்தேன், 'பக்கத்து டேங்கைச் சூடாக்கினார்கள்' என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். நடுவே வேறு டேங்க்குகள் இருந்தன. விதியின் எழுத்துப்படி பார்த்தால் 'ஒட்டி இல்லை', முடிந்தது. ஆனால் சூடு நடுவில் இருந்த டேங்குகளின் வழியாகவே மெதுவாக நடந்து ஸ்டைரீனுக்குப் போய்விட்டது. பயணம் முழுக்க அந்த டேங்கின் வெப்பநிலையை யாரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை, பாலிமரைசேஷன் தொடங்கி, அது தரும் சூட்டில் இன்னும் வேகமாகி, கடைசியில் டேங்க் கிழிந்தது.

இப்போது என் கப்பல். கடைசி இரண்டு டேங்கில் நஞ்சுச் சரக்கு கூடாது. அப்படியென்றால் அங்கே எதைப் போடுவேன்? நஞ்சு இல்லாதது, அதாவது பெரும்பாலும் தாவர எண்ணெய் அல்லது கொழுப்பு அமிலம். அதில் பாதி சூடாக்கிக் கொண்டுபோக வேண்டியது, 50, 60 டிகிரி. புதுசாக நஞ்சானவை எல்லாம் கூட்டமாக நடுவே வரும். ஸ்டைரீனும் அங்கேதான். ஆக ஒரு விதியைக் காப்பாற்றப் போய், சூடான சரக்கு எப்போதும் ஒரே மூலையிலும் சூட்டை ஆகாதவை அதற்கு அடுத்த வரிசையிலும் நிற்கும்படி நானே ஏற்பாடு செய்துகொடுக்கிறேன். சூப்பரின்டென்டென்ட் 'ஸ்டோவேஜில் பார்த்துக்கொள்ளவும்' என்று எழுதிய வரிக்குள் இவ்வளவு இருக்கிறது, அவருக்கும் தெரிந்திருக்காது.

எனக்கு இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, கடைசி டேங்குகளில் சூடாக்கும் சரக்கே கூடாது என்று சேர்த்து எழுதுவது. அதைச் செய்தால் அந்த இரண்டு டேங்கும் பாதிப் பயணத்தில் காலியாகக் கிடக்கும், கமர்ஷியல் ஆட்கள் என்னைத் தேடி வருவார்கள். இரண்டு, ஸ்டோவேஜ் சார்ட்டில் 'பக்கத்து டேங்க்' என்று ஒரே ஒரு வட்டம் பார்ப்பதை விட்டு, பக்கத்துக்குப் பக்கத்து டேங்க் வரை பார்ப்பது, இன்ஹிபிட்டர் போட்ட சரக்கின் வெப்பநிலையை நாளுக்கு ஒருமுறை எழுதி, மூன்று நாள் தொடர்ந்து ஏறினால் மாஸ்டரை (கேப்டனை) எழுப்புவது.

இன்ஜின்ரூம்_ஆள்

இரண்டு நாள் ஆகிவிட்டது, அதனால் பேசலாம். இரண்டாவது வழியில் ஒரு ஓட்டை: உங்கள் லோடிங் கம்ப்யூட்டர் ஸ்ட்ரெஸ், ஸ்டெபிலிட்டி பார்க்கும், எது எதோடு வினை புரியும் என்று சிலது பார்க்கும். சூடு எத்தனை டேங்க் தாண்டும் என்று கணக்குப் போடாது. அதை நீங்கள் தாளில்தான் போட வேண்டும். ஆறு மாதம் கழித்து வரும் அடுத்த மேட் போடுவாரா?

நடுக்கடல்_மேட்

போடமாட்டார். நானே நாலு சரக்குக்கு மேல் ஆனால் மறந்துவிடுவேன், அதுதான் பயம்.

பழைய_பம்ப்மேன்

தம்பி, தாளில் போடுவதை விடுங்கள். டேங்க் டெம்பரேச்சர் ஸ்கிரீன் சரக்குக் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறது அல்லவா, அதில் ஒவ்வொரு டேங்குக்கும் ஹை அலாரம் வைக்கலாம். நாங்கள் எப்போதும் அதைச் சூடாக்கும் சரக்குக்கு மட்டும் வைப்போம், சூடாக்காத டேங்குக்கு அலாரம் 80 டிகிரியிலோ எங்கேயோ விட்ட இடத்தில் கிடக்கும். லோடிங் முடிந்ததும் இன்ஹிபிட்டர் சான்றிதழில் இருக்கும் வெப்பநிலைக்கு ஐந்து டிகிரி கீழே அலாரத்தை இறக்கி வையுங்கள். பணம் ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் சென்சார் சரியா என்று யூடிஐ டேப் (டேங்குக்குள் இறக்கி அளக்கும் கருவி) விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், நான் பார்த்த ஒரு கப்பலில் இரண்டுக்கும் ஆறு டிகிரி வித்தியாசம்.

சர்வேயர்_கரையில்

இதை டிரை டாக் ஸ்பெசிபிகேஷனில் எழுதுங்கள்: எல்லா டேங்க் வெப்பநிலை சென்சாரும் கேலிப்ரேட் செய்ய வேண்டும், அறிக்கை வேண்டும். எழுதாத வேலையை யார்டு செய்யாது. நைட்ரஜன் ஜெனரேட்டர் வந்தால் இன்னொன்றையும் எழுதுங்கள். அது நிற்கும் அறைக்கு ஆக்சிஜன் அளக்கும் கருவி, கதவுக்கு வெளியே அலாரம். நைட்ரஜனுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, உள்ளே போனவன் இருமக்கூட மாட்டான், அப்படியே உட்கார்ந்துவிடுவான்.

நடுக்கடல்_மேட்

ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன். சென்சார் கேலிப்ரேஷன், வேப்பர் ரிட்டர்ன் லைன் டெஸ்ட், வெள்ளை டார்ச், குழாய்களின் காலாவதிப் பட்டியல், நைட்ரஜன் அறைக்கு ஆக்சிஜன் அலாரம். கடைசி இரண்டு டேங்க் பற்றித் தனிப் பத்தி, உல்சான் அறிக்கையின் அந்த 'நடுவில் இருந்த டேங்க்' பகுதியையும் சேர்த்து.

சூப்பரின்டென்டென்ட் போன் செய்தார். முதலில் கேட்டது டார்ச்சுக்கு எவ்வளவு ஆகும் என்று. அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கடைசி டேங்குகளில் 45 டிகிரிக்கு மேல் சூடாக்கும் சரக்கு இருக்கும்போது அடுத்த இரண்டு வரிசையில் இன்ஹிபிட்டர் சரக்கு கூடாது என்று கம்பெனி நடைமுறையிலேயே எழுதிவிடலாமா என்றார். 45 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அதைத்தான் இப்போது இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். இங்கே யாராவது ஒரு டேங்க் தாண்டி வெப்பநிலை எத்தனை நாளில் எவ்வளவு ஏறுகிறது என்று தினமும் குறித்து வைத்திருந்தால் அனுப்புங்கள், கப்பல் பெயரை அழித்துவிட்டு.

பழைய_பம்ப்மேன்

என் பழைய டைரி பரணில் இருக்கிறது. பேரன் ஞாயிற்றுக்கிழமை வருவான், ஏறி எடுத்துத் தருவான். பாமாயிலுக்கு அடுத்த டேங்குகளை மூன்று பயணம் குறித்தது ஞாபகம்.